செம்பு வாஷரும் புளிச்சோறும்

கண்ணு,

மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் உலை கொதித்து அடங்கிவிட்டது. திரும்ப ஒரு தடவை படித்தேன். புதன்கிழமை இன்னொரு தடவை. நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறாய். சாப்பிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன், கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருகிறேன். உன் அப்பாவின் செருப்பை வாசலிலிருந்து எடுக்க இன்னும் மனசு வரவில்லை. பத்து மாதமாயிற்று. மற்றபடி என் நலத்துக்குக் குறைவில்லை.

நீ எழுதினதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா பார். சாமராஜநகர் பஸ் ஷெட்டில் உன்னிடம் ஒரு டீசல் பஸ்ஸைக் கொடுத்தார்கள். இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற அதன் ஆறு நாசிலையும் மாற்றச் சொன்னார்கள். நீ தனியாகச் செய்த முதல் வேலை. மாற்றி வண்டியைக் கிளப்பினால் டீசல் ஒழுகுகிறது. மூன்று தடவை கழற்றிப் பூட்டினாய், இன்னும் ஒழுகுகிறது. ஹெட் மிஸ்திரி மாதப்பா திட்டவும் இல்லை, வழி சொல்லவும் இல்லை. அப்பாவின் டப்பாவிலிருந்து நீ எடுத்துப் போட்ட செம்பு வாஷர் ஒன்றைக் கையில் வாங்கி, மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் உன்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "ஏன் தம்பி, புளிச்சோறு ஆச்சா?" என்று கேட்கிறார். தமிழன் என்பதால் உன்னைச் சோறு என்று கேலி செய்கிறார் என்று நினைக்கிறாய். இந்த வாரம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாகவும், அப்பாவின் சாமான் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். இவ்வளவுதானே?

அந்த வண்டி எங்கே ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியும், கண்ணு. வண்டியைப் பார்க்காமலே தெரியும். அது உன் கைத் தப்பில்லை, என் கைத் தப்பு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லப் பயந்துகொண்டுதான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ பெட்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதின பிறகு இனி மூடிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் சோறு. நான் கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிது. கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் ஊர்க்காரி நான். கன்னடம் சந்தையில் காதில் விழுந்ததோடு சரி. நஞ்சன்கூடு ரோட்டில் அப்பாவின் ஷெட்டும் பின்னாலேயே நாம் குடியிருந்த வீடும் அப்போதும் இப்படியேதான் இருந்தன. உன் அப்பாவோடு அப்போது கூட வேலை பார்த்தவர் இந்த மாதப்பா. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருநாள் அப்பா கடைக்குப் போயிருந்த நேரம், மாதப்பா வீட்டு வாசலுக்கு ஓடிவந்து, "அக்கா, சோர்த்தா இதே, சோர்த்தா இதே, பேக கொடி" என்றார். பேக என்றால் சீக்கிரம், கொடி என்றால் கொடுங்கள், அது தெரியும். பாவம், மனுஷன் பசியில் துடிக்கிறார், சோறு கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு தட்டு நிறையப் போட்டு முந்தின நாள் புளிக்குழம்பையும் ஊற்றி நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதுப்பெண் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அப்பா திரும்பி வந்து பார்த்தால், ஷெட்டில் லாரி டாங்கியிலிருந்து பெட்ரோல் ஒழுகித் தரையெல்லாம் ஈரம். இங்கே மாதப்பா விரலை நக்கிக்கொண்டிருக்கிறார். கன்னடத்தில் சோர்த்தா இதே என்றால் ஒழுகுகிறது என்று அர்த்தமாம். அவர் என்னிடம் ஒழுகுவதைப் பிடிக்க ஒரு பாத்திரம் கேட்டிருக்கிறார். "வண்டி சோருது, நீ சோறு திங்கற" என்று உன் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்ததை இப்போதும் கேட்கிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த வண்டி ஒழுகிக்கொண்டு வந்தாலும் அவர்கள் இரண்டு பேருக்குள் அதுதான் பேச்சு. ஒழுகுதா என்று கேட்க மாட்டார்கள், சோறு ஆச்சா என்பார்கள். உன்னிடம் அவர் கேட்பது கேலி இல்லை. உன் அப்பாவிடம் கேட்டதையே உன்னிடம் கேட்கிறார். பதில் சொல்ல ஆளில்லாமல் எத்தனை வருஷம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்தாரோ.

இனிப் புளி. டீசல் வண்டிகள் வர ஆரம்பித்த பிறகு அப்பாவுக்குப் புது வேலை கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் கற்றதைச் சாப்பிடும்போது என்னிடம் சொல்லிப் பார்ப்பார். அப்படித்தான் எனக்கும் கொஞ்சம் ஏறியது. ஒவ்வொரு நாசிலின் தலையிலும் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்புகிற சின்னப் பைப் ஒன்று உண்டு, அதன் போல்ட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் செம்பு வாஷர் வேண்டும் என்பார். யுத்தம் முடிந்த காலம், புது வாஷர் கிடைக்காது. பழையதையே நெருப்பில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். இரும்பை அப்படிச் செய்தால் விறைத்துப்போகும். செம்புக்குக் குணம் வேறு, இளகி மெதுவாகும். மெதுவானால்தான் போல்ட்டை முறுக்கும்போது அமுங்கி இடுக்கை அடைக்கும். இந்தச் சுடுகிற வேலை என்னுடையது. சோறு வடித்த அடுப்பில் கரியைக் கூட்டி, ஊதுகுழலால் ஊதி, கம்பியில் கோர்த்துச் சுடுவேன். என் பெண்டாட்டி கை இரண்டு ஃபிட்டருக்குச் சமம் என்று உன் அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்குப் பெருமை தாங்காது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் தசரா. யானை ஊர்வலத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்று காலையிலிருந்து நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பதினொரு வயசுப் பையன் என்றாலும் அன்றைக்கு நாலு வயசுப் பிள்ளை மாதிரி அழுதாய். ஷெட்டில் ஒரு லாரிக்கு நாசில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வேண்டும் என்று அவசரம். பன்னிரண்டு வாஷரைச் சுட்டுக் கொடு என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். நான் ஊர்வலத்துக்காக அடுப்பைச் சீக்கிரமே அணைத்துவிட்டிருந்தேன். திரும்ப மூட்டினால் கரி பிடிக்க நேரமாகும், நல்ல இடம் போய்விடும். என்ன செய்தேன் தெரியுமா? செம்புக் குடத்தைத் துலக்குகிற மாதிரி, புளியும் சாம்பலும் போட்டு அந்த வாஷர்களைத் தேய்த்துவிட்டேன். தங்கக் காசு மாதிரி மின்னின. சுட்ட வாஷர் அப்படி இருக்காது, மங்கிக் கறுத்துப்போய் இருக்கும். உன் அப்பா வேலை மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை. பளபளப்பைப் பார்த்து, பரவாயில்லையே என்று வாங்கிக்கொண்டு போனார். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு யானை பார்க்கப் போய்விட்டேன். தங்க அம்பாரியைப் பார்த்ததை நீ இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வாயே, அந்த நாள்தான்.

சாயங்காலம் அந்த லாரி ஊர்வலம் பார்த்துவிட்டுத் திரும்பினவர்களை மேலே ஏற்றிக்கொண்டு நஞ்சன்கூடு போயிருக்கிறது. துலக்கினதால் வாஷர் பளபளத்ததே தவிர இளகவில்லை. வழியில் டீசல் கசிந்து சூடான சைலன்சர் பைப் மேல் விழுந்து புகைந்து, பிறகு பிடித்துக்கொண்டது. பிள்ளைகுட்டிகளோடு எல்லோரும் குதித்துவிட்டார்கள். மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். டிரைவருக்குக் கையில் கொப்புளம். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவர் காப்பாற்றினார்.

மறுநாள் காலையில் லாரியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, லாரி முதலாளி ரோட்டில் நின்று கத்தினார். உன் அப்பா மாதப்பாவைக் கூப்பிட்டுப் போல்ட்டை முறுக்கினாயா இல்லையா என்று கேட்டார். முறுக்கினேன் அண்ணா, ஆணையாக முறுக்கினேன் என்றார் அவர். உன் அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"அப்புறம் யாரு தப்பு? உள்ளே அடுப்பு முன்னால உட்கார்ந்திருக்காளே, அவ தப்பா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாதப்பா அப்போதுதான் கழற்றின வாஷர் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டையின் ஓரத்தில் ஒரு புளிநார் ஒட்டியிருந்திருக்க வேண்டும், மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கண்ணு. அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இல்ல அண்ணா," என்றார். "நந்தே தப்பு."

என்னுடைய தப்புதான் என்று சொல்லிவிட்டு, துணியில் கையைத் துடைத்து, அந்தத் துணியை மடித்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உன் அப்பா போகச் சொல்லவும் இல்லை, நிற்கச் சொல்லவும் இல்லை.

மூன்று வருஷம் கழித்துத்தான் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவினார், சாப்பாடு பாதியில் இருந்தது. மறு வாரம் சாமராஜநகர் போய் வந்தார். மாதப்பாவைப் பார்க்கத்தான் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். பார்த்தீங்களா என்று கேட்டதற்கு ஆள் ஊரில் இல்லை என்றார். போன வருஷம் படுக்கையில் கிடக்கும்போதுதான் நிஜத்தைச் சொன்னார். ஆள் இருந்திருக்கிறார். அப்பாதான் பஸ் ஷெட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, கூப்பிட வாய் வராமல் திரும்பிவிட்டாராம். "நீ ஒரு வார்த்தையை முழுங்கின, நான் ஒரு வார்த்தையை முழுங்கினேன். நம்ம ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் அப்போது. அவர் மேல் வைத்திருக்கிற மரியாதை இதனால் உனக்குக் குறையக் கூடாது. நல்ல மனுஷருக்கும் சில வாசலைத் தாண்ட முடியாமல் போகும்.

அடக்கத்துக்கு மாதப்பா வந்ததை நீயே பார்த்தாய். மண் போட்டுவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல், உன் தோளில் கை வைத்து, எங்கள் ஷெட்டில் ஒரு இடம் இருக்கிறது, நீ வா என்று சொல்லிவிட்டுப் போனார். நீ கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பாவின் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சாமான் அழுக்காகப் போகக் கூடாது என்று ஒவ்வொரு ஸ்பானரையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். அழுதுகொண்டே துடைத்தேன். வாஷர் டப்பாவைத் திறந்தேன். பச்சை பிடித்துக் கிடந்தது. என் கை தானாகப் புளிப்பானைக்குப் போயிற்று. தேய்த்து முடித்து வெயிலில் காய வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. சரி, பஸ் ஏறும்போது, கண்ணு, இதைச் சுடாமல் போடாதே என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் வாய் வரைக்கும் வந்தது. ஏன் என்று நீ கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டுமே. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், வெயிலில் அலையாதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பார்த்தாயா? அதே தப்பு, அதே புளி, அதே மௌனம். மாதப்பா அந்த வாஷரை மோந்து பார்த்ததும் எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டார். ஒரு வார்த்தையில் உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் துலக்கினது என்ற பேச்சு வரும். எனக்காக இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நீயாகவே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் புளிச்சோறு ஆச்சா, புளிச்சோறு ஆச்சா என்று தினமும் உன் காதில் போடுகிறார்.

இனி வேலையைப் பார்ப்போம். மூன்று தடவை கழற்றினேன், மூன்று தடவையும் நன்றாக இறுக்கினேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவை கூடக் கழுவினேன் என்று எழுதவில்லையே. ஒழுகினால் கை முதலில் ஸ்பானருக்குத்தான் போகும், எல்லோருக்கும் அப்படித்தான். அப்பா அப்படிச் செய்ய மாட்டார். இன்ஜின் தலையை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்து, காய்ந்த பிறகு சாக்குக்கட்டியைப் பொடித்து ஒவ்வொரு மூட்டிலும் தூவுவார். பிறகு வண்டியைக் கிளப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். எந்த மூட்டில் பொடி முதலில் நனைகிறதோ அதுதான் ஒழுகுகிற இடம். கீழே சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஏமாறாதே, டீசல் வழிந்து வந்து வேறெங்கோ சொட்டும். சின்னப் பைப் போல்ட்டுகளில்தான் நனையும் என்று நான் அடித்துச் சொல்கிறேன். ஆனாலும் நான் சொன்னேன் என்று நம்பாதே, பொடி சொல்வதை நம்பு.

நாசிலுக்கு டீசல் கொண்டுவருகிற பெரிய பைப்பின் நட்டில் நனைந்தால் அதை மேலும் இறுக்காதே. இரண்டு முனையையும் தளர்த்திவிட்டு, பைப்பை நேராக உட்கார வைத்து, முதல் நாலு சுற்றைக் கையாலேயே போடு. கோணலாக உட்கார்ந்ததைப் பலத்தால் நேராக்க முடியாது, வாய்தான் நசுங்கும். நாசிலை எடுத்த குழிக்குள் பழைய வாஷர் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பார். கிடந்தால் எடுத்துவிடு, அதன் மேலேயே இன்னொன்று போட்டால் இரண்டும் உட்காராது. வண்டி ஓடும்போது கசிகிற இடத்தை விரலால் தடவிப் பார்க்கவே பார்க்காதே. அப்பாவின் இடது கைச் சுட்டுவிரல் மடங்காமல் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாத டீசல் ஊசி தோலுக்குள் போய்விட்டது. கொசு கடித்த அளவுதான் இருந்தது, டாக்டர் உள்ளங்கை வரை கீறி எடுக்க வேண்டியதாயிற்று. காகிதத்தைப் பிடித்துப் பார். காகிதம் நனைந்தால் தெரிந்துவிடும்.

பிறகு எல்லா வாஷரையும் கழற்று. கரி நெருப்பில் சிவக்கச் சுட்டு, தண்ணீரில் போட்டு, துணியால் துடைத்துப் பூட்டு. அழகாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். பூட்டி முடித்ததும் அரை மணி நேரம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடு. பொடி காய்ந்தே இருந்தால்தான் ஜனங்களை ஏற்ற விட வேண்டும். அதுவரை யார் அவசரப்படுத்தினாலும் முடியாது என்று சொல். அன்றைக்கு லாரி மேல் இருந்த பிள்ளைகளை நான் பார்க்கவில்லை, ஆனால் இன்றைக்கும் அவர்கள் முகம் எனக்குத் தெரிகிறது.

எனக்கு உபதேசம் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டேன். தப்பு செய்தது அரை நாள் வேலை. அதைச் சொல்லாமல் வைத்திருந்தது எட்டு வருஷ வேலை, கண்ணு, அதற்கு ஞாயிற்றுக்கிழமை கூட லீவு கிடையாது. நாளைக்கு உனக்குக் கல்யாணமாகி ஒருத்தி வருவாள். அவள் கை சுத்தம், உன் கை சுத்தம் என்று ஒருவரை ஒருவர் ரொம்பப் புகழ்ந்துகொள்ளாதீர்கள். தப்பு செய்தால் சொல்லிக்கொள்ள வீட்டில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

பெட்டியை யாருக்கும் கொடுக்காதே. வெள்ளிக்கிழமை இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். சனிக்கிழமை முழுவதும் உனக்கு இருக்கிறது. மாதப்பா வந்து புளிச்சோறு ஆச்சா என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இன்னும் ஆகலீங்க, அம்மா கொண்டு வர்றாங்க என்று சொல். அவர் முகம் எப்படி ஆகிறது என்று பார்த்து வைத்திரு, எனக்குச் சொல்ல வேண்டும்.

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறுகிறேன். தூக்கு நிறையப் புளிச்சோறு கிண்டிக்கொண்டு வருகிறேன். உன் அப்பா கூப்பிட முடியாமல் நின்ற அந்த எதிர்ப்பக்கத்தில் நான் நிற்க மாட்டேன், ரோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடுவேன். உன் முன்னாலேயே, மாதப்பாவிடம் என் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன். கன்னடத்திலேயே சொல்லுவேன், நந்தே தப்பு என்று. இரண்டு நாளாக அடுப்படியில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் மன்னிப்பாரோ மாட்டாரோ, அது அவர் இஷ்டம். சோற்றை வேண்டாம் என்று மட்டும் சொல்ல மாட்டார், அவரை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் நான் மைசூருக்குத் திரும்ப வேண்டும். வேறு எந்த வண்டியிலும் என்னை ஏற்றிவிடாதே. நீ நாசில் மாற்றின அந்தப் பஸ்ஸிலேயே வருகிறேன். டிரைவரிடம் சொல்லி, முன்னால் இன்ஜினுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சீட் பிடித்து வை.

உன் அம்மா